செடிக்கு மருந்தடிச்சாச்சு

தேயிலைச் செடிக்குக் கொப்புள நோய் என்று ஒன்று வரும். 1946இல் இலங்கைக்குள் நுழைந்த பூஞ்சணம் அது. மழையும் மூடுபனியுமாக வெயிலின் முகமே தெரியாத மாதங்களில் இளங்கொழுந்தில் வட்ட வட்டமாகக் கொப்புளம் கிளப்பிவிடும். ஆனால் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் எந்தத் துரையும் ‘வரட்டும், வந்த பிறகு பார்ப்போம்’ என்று பங்களாவில் காலாட்டிக்கொண்டு இருக்கமாட்டார். மழை இறங்குகிறபோதே செம்பு கலந்த மருந்து வந்துவிடும். டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஆட்கள் மலை ஏறிவிடுவார்கள். எந்த நம்பர் மலைக்கு எந்தத் திகதியில் அடித்தது, அடுத்த தடவை எப்போது, கடைசியாகக் கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் ஆயிற்று, எல்லாம் ஆபீஸ் புத்தகத்தில் ஏறியிருக்கும். இந்த ஒரு செடியின் நலனுக்காகவே 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இன்றும் வேலை செய்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் செடியிடம் போய், ‘கொப்புள நோயைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மருந்தடிப்பது குறித்து உன் மனப்பாங்கு யாது?’ என்று கேட்டதில்லை. செடிக்கு விழிப்புணர்வு போதாது என்று கொழும்பில் கருத்தரங்கு நடந்ததில்லை. நோய் வராமல் பார்ப்பது செடியின் பொறுப்பல்ல, செடிக்குச் சொந்தக்காரனின் பொறுப்பு என்பது அங்கே எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

செடிக்குப் பக்கத்தில், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவளிடம்தான் கேள்விகள் எல்லாம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி இளம் பெண்களுக்கு என்ன தெரியும் என்று அளப்பது இப்போது உலகம் முழுக்க ஒரு சின்னத் தொழில். கையில் வினாக்கொத்து. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம்: சரி, பிழை, தெரியாது. லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்கிற படித்த பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. பட்டம் வாங்க ஒரு ஆய்வு வேண்டும், அதுகளும் என்ன செய்யும்? கேட்கப்படுகிற பெண் ‘தெரியாது’ கட்டத்தைக் காட்டுவாள். அடுத்த கேள்விக்கும் தெரியாது. அதற்கடுத்ததற்கும். முடிவில் கூட்டிக் கழித்து, ‘பெருந்தோட்டத்து இளம் பெண்களிடம் அறிவு குறைவு, மனப்பாங்கு திருப்தியில்லை, மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதிவிடலாம். ‘யாராவது உனக்குச் சொன்னார்களா?’ என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. சொல்லாதவருடைய பெயரை எழுத இடமும் கிடையாது.

அவளுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் கணக்கெடுக்கிற சங்கதிதான் என்ன? ஒரு தபாலட்டையில் எழுதி முடித்துவிடலாம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு வழியாகத் தொற்றும். அநேகமாக எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானாகவே ஓடிப்போகும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினதில் 16, 18 என்று இலக்கமிட்ட இரண்டு வகைகள்தாம் இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குப் பொறுப்பு. தங்கிய நாளிலிருந்து புற்றாக மாறுவதற்குச் சாதாரணமாக 15, 20 வருஷம் எடுக்கும். சின்ன வயதில் ஊசி போட்டால் தொற்றாமல் தடுக்கலாம். தொற்றியிருந்தாலும் நடுவயதில் ஒரு பெப் பரிசோதனை செய்தால், புற்றாக மாறுமுன்பே கண்டுபிடித்துச் சின்னதாக ஒரு சிகிச்சையோடு தீர்த்துவிடலாம்.

அவ்வளவுதான். தாக்குவதற்கு முன் 20 வருஷம் தவணை கொடுக்கிற எதிரி இது. அடகுக்கடைக்காரன்கூட அத்தனை நாள் பொறுக்கமாட்டான். இவ்வளவு பொறுமையான எதிரியிடமும் தோற்றுப்போவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் பெண்கள் அளவில் இந்த நோயைக் கண்டறிகிற நாடு, அந்தத் திறமையில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நோர்வூட்காரர்களிடம் அந்த வருஷத்தைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். மே 12. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்த நாள். வானத்தில் ஹெலிகொப்டர், மைதானத்தில் கடலாகச் சனம், தோட்டம் தோட்டமாக பஸ். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் கட்டடத்தைத் திறந்தார். நோர்வூட் மேடையில் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார். கைதட்டல் மஸ்கெலியா வரைக்கும் கேட்டிருக்கும்.

அதே 2017இல் இன்னொரு விருந்தாளியும் மலைக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசியை அரசு தேசியத் திட்டத்தில் சேர்த்த வருஷம் அது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, இலவசம், பாடசாலைக்கே வந்து போடுவார்கள். மாலை இல்லை, மேளம் இல்லை, பொன்னாடை இல்லை. பிள்ளை வீட்டுக்கு ஒரு கடுதாசி கொண்டு வந்தாள். அப்பன் வாசிக்கவில்லை. அம்மாவுக்கு விளங்கவில்லை. ‘எல்லாருக்கும் போடுறாங்களாம்’ என்று பிள்ளை சொன்னாள். சரி என்று விட்டார்கள். மனிதகுலம் புற்றுநோய்க்கு எதிராகக் கண்டுபிடித்த தடுப்பூசி ஒன்று லயத்துக்குள் நுழைந்த விதம் இது. இத்தனைக்கும் இந்தத் திட்டம் அரசின் நல்ல காரியங்களில் ஒன்று. இந்தியா ஒரு முழு நாடாக இதைத் தொடங்க யோசித்து முடிப்பதற்குள் இலங்கை போட ஆரம்பித்துவிட்டது. பெருமைப்படத்தக்க ஒன்றை யாரும் பெருமையாகச் சொல்லாமல் விடுவதும் நம்மூரில் மட்டும்தான் நடக்கும். தெருவிளக்கு போட்டால் கல்வெட்டு வைக்கிற தலைவர்களுக்கு இந்த ஊசியில் பெயர் பொறிக்க இடமில்லாதது ஒரு குறைதான்.

ஆனால் 2017இல் ஆறாம் வகுப்பு என்றால் 2006இல் பிறந்த பிள்ளை. அவளுடைய அக்கா 2004இலோ 2002இலோ பிறந்துவிட்டாள். அவசரப்பட்டுப் பிறந்தது அவள் குற்றம். ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் தங்கைக்கு ஊசி உண்டு, அக்காவுக்கு இல்லை. அந்த அக்கா இன்றைக்கு இருபதுகளில் நிற்கிறாள். கொழும்பில் துணிக்கடை, கட்டுநாயக்காவில் கார்மென்ட், யாரோ வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை, இல்லாவிட்டால் குவைத். தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். ஒரு ஊசியின் விலையைக் கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் எழுந்து வந்துவிடுவாள். பரிசோதனைக்குப் போகலாமே என்றால், அரசின் பெப் பரிசோதனை 35 வயதில். ஊசிக்கு மூத்தவள், பரிசோதனைக்கு இளையவள். நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் வைரஸோடு அவளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வினாக்கொத்தோடு வருகிறவர்கள் தேடுவதும் சரியாக இந்த வயதுக்காரியைத்தான். ஒன்றும் கொடுக்காத வயதாகப் பார்த்துத்தான் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்கிறார்கள்.

சரி, 35 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

சுவநாரி கிளினிக் என்று சிங்களத்தில் சொல்கிற, வெல் வுமன் கிளினிக் என்று குடும்பநல மிஸ்ஸிமார் சொல்கிற கிளினிக்கை 1996இல் அரசு தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் போகச் சொல்கிறார்கள். சீலை மறைப்புக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு கருவி, ஒரு சின்னப் பிரஷ், ஒரு கண்ணாடித் துண்டு. சில நிமிஷ வேலை. கருப்பைக் கழுத்தில் பிரஷ்ஷால் மெல்ல வருடி எடுத்துக் கண்ணாடியில் தடவி அனுப்புவார்கள். காசில்லை. கிளினிக் இருக்கிறது, மிஸ்ஸி இருக்கிறாள், பிரஷ் இருக்கிறது. இடையில் இருப்பது காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களம்.

“ஐயா, நாளைக்கி கிளினிக்கு போகணும்.”

“புள்ளத்தாச்சியா?”

“இல்லீங்க.”

“காச்சலா?”

“இல்லீங்க. மிஸ்ஸி வரச்சொன்னாங்க. முப்பத்தஞ்சு வயசாயிருச்சுல்ல, அதுக்கு ஒரு செக்கப்பு.”

“நோயே இல்லாம எதுக்கு கிளினிக்கு? கொழுந்து முத்திக்கிட்டு கெடக்கு. போறதுன்னா போ. பேர் இல்ல.”

பேர் என்றால் அந்த நாளின் சம்பளம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். கணக்கப்பிள்ளை ஐயா கெட்டவரும் அல்ல. அவருடைய அகராதியில் கிளினிக்குக்குப் போக இரண்டு காரணம்தான் உண்டு: வயிற்றில் பிள்ளை, உடம்பில் நோய். நோய் வருமுன் தடுப்பது என்ற தத்துவம் அவருக்குத் தெரியாமல் இல்லை. செம்பு மருந்து அடிக்கிற ஆட்களுக்குக் காலையில் முதல் ஆளாகப் பேர் போட்டு அனுப்புகிறவர் அவர்தான்.

பிள்ளைத்தாச்சி என்றால் எல்லாம் வேறு. இந்த நாடு அதில் கெட்டிக்காரி. வயிறு தெரிகிற முன்பே மிஸ்ஸி லயத்துக்கு வந்து பேர் பதிவாள். எடை பார்ப்பாள், இரத்தம் பார்ப்பாள், திரிபோஷா சத்துமா வரும், நாள் தவறினால் தேடி வருவாள். மழையில் வழுக்குகிற படியில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற அந்தக் குடும்பநல உத்தியோகத்தர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச எனக்கு வாய் வராது. ஒருத்தி நாலு பேர் வேலையைச் செய்கிறாள். கோபம் அவள்மேல் அல்ல. கருப்பைக்குள் நாளைய பேர் ஒன்று வளர்கிறவரைக்கும் அதைத் தேடி அத்தனை பேர் வருவதும், அது காலியானதும் அந்த உறுப்புக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் அறுந்துபோவதும்தான் வயிற்றெரிச்சல்.

காலியாக வைப்பதிலும் ஒரு காலத்தில் அக்கறை இருந்தது. அதையும் சொல்லவேண்டும். 1980களில் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசு 500 ரூபாய் கொடுத்தது. நாட்சம்பளம் ரூபாய்களில் எண்ணப்பட்ட காலத்தில் அது கனவுக் காசு. தோட்டத்திலிருந்தே லொறி ஏற்பாடு செய்து கூட்டம் கூட்டமாக அழைத்துப்போனதைக் கிழவிகள் இன்றைக்கும் சொல்வார்கள். பேர் பிரச்சினை அன்றைக்கு எழவில்லை. கொழுந்து முத்தவும் இல்லை. எழுத்து வாசனை இல்லாதவளிடம் கைநாட்டு வாங்கி, நடந்தது என்னவென்று வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் விளங்கிய கதைகளும் அதற்குள் உண்டு.

அந்த லொறியில் ஏறியவளின் பேத்திதான் ஆறாம் வகுப்பிலிருந்து கடுதாசி கொண்டுவந்த பிள்ளை. “பொட்டப்புள்ளைகளுக்கு மட்டும் ஊசியா? பையனுக்கு இல்லையா? இது புள்ள பொறக்காம இருக்க போடுற ஊசி” என்று பாட்டி சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று எழுதுகிறார்கள். பாட்டிக்கு மூடநம்பிக்கை இல்லை, ஞாபகசக்தி இருக்கிறது. 1948இல் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்தபோதும் கடுதாசி வந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாக ஆட்களைப் பங்கு பிரித்தபோதும் கடுதாசி வந்தது. அரசாங்கக் கடுதாசி நல்லது கொண்டுவரும் என்று நம்புவதற்கு அவளுக்கு எந்த முன்னனுபவமும் இல்லை. இந்த ஊசி உண்மையிலேயே நல்லது, பிள்ளைப்பேற்றை அது தொடாது, போட்டே ஆகவேண்டும் என்று பாட்டிக்குப் புரிகிற தமிழில், பாட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒருவர் அரைமணி நேரம் பேசியிருந்தால் போதும். அதற்கு ஆள் இல்லை. மனப்பாங்கை அளக்க ஆள் இருக்கிறது.

பெப் பரிசோதனைக்கு மறுபடி வருவோம். பேரைத் தியாகம் செய்துவிட்டு அவள் போகிறாள். படிவம் சிங்களத்தில். கூப்பிடுகிற பெயர் அவளுடைய பெயர் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கட்டிலில் ஏறச் சொல்கிறார்கள். ஏன், எதற்கு, வலிக்குமா என்று கேட்க அவளுக்கு மொழி போதவில்லை, சொல்ல அவர்களுக்கு மொழி போதவில்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள். முடிவு சில வாரம் கழித்து. தபாலில் வருமா? லயத்துக்கு ஏது தனி விலாசம்! இருநூறு வருஷமாக நம்முடைய கடுதாசிகள் ஆபீசுக்குப் போய், கிளாக்கர் ஐயாவின் மேசையில் ஓய்வெடுத்து, அவர் மனம் இரங்கிய நாளில் வந்து சேர்பவை. ஆகவே முடிவை வாங்க இன்னொரு நாள் கிளினிக்குக்குப் போகவேண்டும். இன்னொரு பேர் போயிற்று.

கிளினிக்குக்குப் போன செய்தி அவளுக்கு முன்பே லயத்துக்குத் திரும்பிவிடும். “அவ எதுக்கு அந்த கிளினிக்கு போனா?” தண்ணிப் பீலியில் ஒரு கேள்வி. “என்னமோ கெட்ட வியாதியாம்” என்று அடுத்த பீலியில் பதில். 35 வயதுக்காரிக்கே இந்தக் கதி. கல்யாணமாகாத 24 வயதுக்காரி இதைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டால் முடிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வெள்ளை படுகிறது, மாதவிலக்கு நடுவில் இரத்தம் படுகிறது என்று அம்மாவிடம் சொன்னால் வருகிற மருத்துவத் தீர்ப்பு ஒன்றே ஒன்று: சூடு. நல்லெண்ணெய் வைத்துத் தலைமுழுகு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி. டிஸ்பென்சரிக்குப் போனால் பெனடோல். சூட்டில் தொடங்கி பெனடோலில் முடியும் இந்த மருத்துவ முறைக்கு மலையகத்தில் இருக்கிற நம்பிக்கை வேறு எதற்கும் இல்லை.

இந்தக் கதையில் இதுவரை ஆம்பளை வரவில்லை என்று வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவர் கதைக்குள் வரமாட்டார். வைரஸைக் கொண்டுவருவதோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. எத்தனையோ பெண்களுக்கு இந்த வைரஸ் வந்துசேர்கிற ஒரே பாதை கட்டின புருஷன்தான். ஆனால் நோய்க்குப் பேர் ‘பொம்பளைங்க வியாதி’. வெட்கமும் அவளுக்கு, வதந்தியும் அவளுக்கு, கிளினிக்கும் அவளுக்கு. அவருக்கு? “போயிட்டு சீக்கிரம் வா, சோறாக்கணும்.”

விழிப்புணர்வு என்றதும் அண்டை நாட்டில் நடந்த ஒரு கூத்து ஞாபகம் வருகிறது. 2024 பெப்ரவரி முதலாம் திகதி இந்தியாவின் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை ஊக்குவிப்போம் என்று நிதியமைச்சர் வாசித்தார். அடுத்த நாளே பூனம் பாண்டே என்ற நடிகை இதே புற்றுநோயால் செத்துப்போனார் என்று அவருடைய பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் அவர் உயிரோடு எழுந்து வந்து, ‘எல்லாம் விழிப்புணர்வுக்காகத்தான்’ என்றார். நாடே திட்டியது. நானும் திட்டினேன். பிறகு யோசித்தால், ஒருநாள் பொய்ச்சாவு செத்தவரைத் திட்ட நமக்கு இருக்கிற ரோஷம், உலகத்தில் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் பேர் உண்மையிலேயே சாகிறதற்கு எங்கே போகிறது? அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலே ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரிகள். அவர்கள் மூன்றாம் நாள் எழுந்து வந்து விளக்கம் கொடுப்பதில்லை.

அப்படிச் சாகாமலே இருக்க என்ன செய்யலாம் என்று வேறு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தைச் சொல்கிறேன். நமக்கு அந்நிய தேசமல்ல. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த ஊர்க்காரர். பொகவந்தலாவைப் பக்கம் கேர்க்கஸ்வோல்ட், அக்கரப்பத்தனைப் பக்கம் பெல்மோரல், சிவனொளிபாத மலையடியில் டல்ஹவுசி என்று நம் தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். 2008இல் அங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். 2024 ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது, 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருத்திக்குக்கூட இந்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. ஒருத்திக்குக்கூட. உண்மையான பெல்மோரலில் பூச்சியம்.

பணக்கார நாடு, குளிர் தேசம், நமக்கு ஒத்துவராது என்பீர்கள். ருவாண்டாவைப் பாருங்கள். மலை நாடு, தேயிலை நாடு, நம்மைப்போலவே இரத்தத்தில் குளித்து எழுந்த நாடு, பணத்தில் நமக்குக் கீழே. 2011இல் ஊசியைத் தொடங்கி முதல் வருஷத்திலேயே இலக்குப் பிள்ளைகளில் 90 வீதத்துக்கு மேல் போட்டு முடித்தார்கள். பாடசாலைக்கு வராத பிள்ளையைக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகத் தேடிப்போனார்கள். அவர்கள் விழிப்புணர்வை அளந்து முடித்துவிட்டு ஊசியை எடுக்கவில்லை. ஊசியோடு போய்ப் பேசினார்கள்.

2030க்குள் 90 வீதச் சிறுமிகளுக்கு ஊசி, 35இலும் 45இலும் 70 வீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதத்தினருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வைத்தது. முதல் 90 இலங்கைக்குப் பெரிய காரியமல்ல. பாடசாலை இருக்கிறது, மிஸ்ஸி இருக்கிறாள். அந்த 70 இருக்கிறதே, அதுதான் பெரட்டுக்களத்தில் காலை மணியடித்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறது.

போகாத பரிசோதனையின் முடிவும் ஒருநாள் வரத்தான் செய்யும். அதற்கு மலையகத்தில் ஒரே ஊர்ப்பெயர் போதும்: “மஹரகமைக்கு எழுதிட்டாங்க.” நோயின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லத் தேவையும் இல்லை. நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் ஹட்டன், ஹட்டனிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்பு, அங்கிருந்து மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை. கதிர் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரமளவில் போகும். துணைக்கு ஒருவர் நிற்கவேண்டும். பிள்ளைகளை யாரிடமாவது விடவேண்டும். தோடு அடகுக்குப் போகும். ஒரு நாள் பேருக்குப் பயந்து போகாமல் விட்டவளின் குடும்பத்துக்கு இப்போது மாதக்கணக்கில் பேர் இல்லை. கணக்கில் நாம் எப்போதுமே புலி.

அதற்குள் தோட்டம் தன் மனிதாபிமானத்தைக் காட்டத் தொடங்கும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில், மரண உதவி என்று வரிசையாகப் பிடித்தம். செத்தால் கொடுக்க மாதாமாதம் பிடித்து வைக்கிறோம். பந்தல் வரும், கதிரை வரும், தலைவரின் மலர்வளையம் வரும். சாகாமல் இருக்க ஒரு வரி அந்தச் சீட்டில் இல்லை.

அந்த வரிக்கு என்ன செலவாகும் என்று நான் போட்ட கணக்கு இது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் குறித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 35 வயதில் ஒரு நாள், 45 வயதில் ஒரு நாள் கிளினிக்குக்கு முழுப் பேர் போட்டால் 2,700 ரூபாய். முடிவை வாங்கப் போகிற நாட்களையும் சேர்த்தால் 5,400. ஒரு பெண்ணின் முழு ஆயுளுக்கும் கம்பனி இழக்கக்கூடிய தொகை அந்தச் சம்பளத்தில் அவ்வளவுதான். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எத்தனையோ வருஷமாக எத்தனையோ கோப்புகளை விரித்து, ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் விடிய விடிய மல்லுக்கட்டி, வெளியே வந்து வெடி கொளுத்திய தலைவர்களுக்கு இந்த 5,400 ரூபாய் ஒரு தூசு. சந்தா கட்டுகிறவர்களில் பெண்களே அதிகம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வருகிற மே தினத்தில் ஒரு துண்டுச் சீட்டில் இந்தக் கணக்கை எழுதி மேடைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். தலைவர் வாங்கிப் பார்ப்பார். பக்கத்திலிருக்கிற உபதலைவரிடம் காட்டுவார். பொம்பளைங்க சமாச்சாரத்தை மேடையில் பேசுவது நாகரிகமில்லை என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்து, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒலிவாங்கியைப் பிடித்து ‘என் தாய்மார்களே!’ என்று தொடங்குவார். கீழே வெயிலில் குந்தியிருக்கிற கூட்டத்தில் பாதிக்கு மேல் அந்தத் தாய்மார்கள்தான். அவர்களை அங்கே ஏற்றிவர மட்டும் எல்லாத் தோட்டத்துக்கும் லொறி கிடைத்திருக்கும்.